எறும்புக்காக எடுத்த அரிவாள்

திருச்சி மத்திய சிறை
12.2.2024

தங்கச்சி மலர்க்கொடிக்கு,

இங்கிருந்து எத்தனையோ தடவை போன் போட்டுப் பார்த்துவிட்டேன். நீ எடுக்கவே இல்லை. பக்கத்தில் உன் புருஷன் இருப்பான், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். மஞ்சு வீட்டு விலாசத்துக்கு எழுதுகிறேன். அங்கன்வாடிக்கு வருகிற வழியில் அவள் உன் கையில் கொடுத்துவிடுவாள். எங்கள் கடிதத்தையெல்லாம் இங்கே பிரித்துப் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அதனால் கேஸைப் பற்றி எழுதவில்லை. வக்கீல் கிருஷ்ணமூர்த்தி உன்னைப் பார்க்க வருவார். அவர் சொல்கிறபடி நட.

நான் எழுதுவது முந்திரிக்கொல்லையைப் பற்றி. இது பூ எடுக்கிற மாதம். கண்ணை மூடினால் மரம்தான் தெரிகிறது. உன் புருஷன் அய்யம்பெருமாள் கம்பில் பந்தம் கட்டிக்கொண்டு என் மரத்தில் ஒவ்வொரு முசுறு எறும்புக் கூடாகக் கொளுத்திக்கொண்டு வந்தானே, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இலை எரிகிற சத்தம் இல்லை, உள்ளே இருந்த வெள்ளைக் குஞ்சுகள் பொரிகிற சத்தம். முசுறு ஓடிப்போகிற சாதி இல்லை. குஞ்சை வாயில் கவ்விக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்று வெந்தது.

ஒரு சொட்டு மருந்து படாமல் அஞ்சு வருஷம் காய்த்த மரங்கள். மற்றவன் கொல்லையில் தேயிலைக் கொசு உட்கார்ந்து உறிஞ்சி, கொழுந்தும் பூங்கொத்தும் தீய்ந்து தொங்கும். என் மரத்தில் அது உட்கார்ந்தால் ஆறு முசுறு வந்து ஆறு காலையும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிடிக்கும். ஏழாவது வந்து கழுத்தைக் கடித்து எடுக்கும். அதைப் பார்த்துத்தானே ஊரில் நாலைந்து பேர், "இந்த வருஷம் மருந்து வேணாம் வேலு, எங்களுக்கும் கூடு குடு" என்று கேட்டார்கள். ஊருக்கு மருந்தடித்துப் பிழைக்கிறவனுக்கு அது பொறுக்கவில்லை. கைதானே போச்சு, கழுத்து இருக்கிறது என்று அவனைச் சந்தோஷப்பட்டுக்கொள்ளச் சொல்.

கிணற்று மேட்டு மரத்தில் சில கூடுகள் தப்பித்தன. வெயில் ஏறுவதற்கு முன்னால் போ. கை காலெல்லாம் சாம்பலைப் பூசிக்கொண்டு, கூட்டைக் கிளையோடு வெட்டிச் சாக்கில் போட்டு, அடுத்த மரத்தில் கட்டு. மரத்துக்கு மரம் கயிறு இழுத்துவிடு. அது தானாக நடந்து போய்ப் புதுக்கூடு தைத்துக்கொள்ளும். வேறு கொல்லைக் கூட்டைக் கொண்டுவந்து கலந்துவிடாதே. பூ உதிர்வதற்குள் செய்.

இப்படிக்கு,
அண்ணன் வேல்முருகன்


ஆண்டிமடம்
26.2.2024

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. இன்றைக்கு எழுதிவிட வேண்டும் என்று மஞ்சு அக்கா வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறேன். படித்துப் பார்க்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

நடுவிரலும் மோதிர விரலும் அன்றைக்கே சருகில் விழுந்துவிட்டன. உன்னை நாலு பேர் பிடித்து அமுக்கியிருந்தார்கள். அவர் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், முழங்கை வழியாக ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. விரலை நான்தான் தேடிப் பொறுக்கினேன். ஒன்றில் உன் முசுறு ஏறியிருந்தது. தட்டிவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டு ஆம்புலன்ஸில் ஏறினேன். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். "இப்படி எடுத்துட்டு வரக்கூடாதும்மா" என்று மட்டும் சொன்னார். எப்படி எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஒட்டவைக்க முடியவில்லை. மணிக்கட்டில் விழுந்த வெட்டில் நரம்பும் போய்விட்டது. இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். துணி மாற்றிக்கொண்டு போகத்தான் ஊருக்கு வந்தேன்.

உன் வக்கீல் ஆஸ்பத்திரிக்கே வந்து என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டார்.

"அன்னைக்கு உன் வூட்டுக்காரரு கொல்லையில வெச்சு உன்னைப் போட்டு அடிச்சிட்டு இருந்தாரு. நீ அண்ணேன்னு கத்துனே. உங்க அண்ணன் தடுக்க ஓடியாந்தாரு. தள்ளுமுள்ளுல வெட்டு விழுந்துடுச்சு. இவ்வளவுதாம்மா நீ சொல்லணும்" என்றார்.

"அன்னைக்கு அவரு என்னை அடிக்கலைங்களே" என்றேன்.

"எப்பவுமே அடிச்சதில்லையா?"

நான் முந்தானையால் உதட்டை மூடிக்கொண்டேன். அவர் சிரித்தார்.

"அப்ப இது பொய்யே இல்லம்மா. தேதிதான் மாறுது."

அன்று ராத்திரி முழுக்க இதையே யோசித்துக்கொண்டு கிடந்தேன். நீ சொல்லித்தான் வக்கீல் வந்தாரா, அவராகவே வந்தாரா என்று எனக்குத் தெரியாது. போன வருஷம் பொங்கலுக்கு மறுநாள் உதடு கிழிந்து, பிள்ளை சிந்துவையும் இழுத்துக்கொண்டு உன் கொல்லைக்கு ஓடி வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ மரத்தின் மேல் நின்று முசுறுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாய். இறங்கக்கூட இல்லை. மேலே இருந்தே, "கொஞ்சம் அனுசரிச்சுப் போடி, பொட்டப்புள்ளய வெச்சிருக்கே" என்றாய். நான் அப்படியே திரும்பிப் போய் அவருக்குச் சோறு ஆக்கினேன்.

அன்றைக்கு உன் கையில் இதே அரிவாள்தான் இருந்தது. நீ எனக்காக அதைத் தூக்கவில்லை, அண்ணா. எறும்புக்காகத் தூக்கினாய். வக்கீல் சொன்னதை நான் கோர்ட்டில் சொல்ல மாட்டேன்.

கிணற்று மேட்டில் கூடுகள் அப்படியே இருக்கின்றன. நான் தொடவில்லை.

மலர்க்கொடி


திருச்சி
9.3.2024

மலருக்கு,

கூடப்பிறந்தவள் எழுதுகிற எழுத்தா இது? ஊரில் ஒருத்தனும் எனக்கு ஜாமீன் கையெழுத்துப் போட வரவில்லை. உன் அண்ணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மீன்சுருட்டிக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு மிச்சம் இருப்பது நீ ஒருத்தி. நீ ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் நான் வெளியே வந்துவிடுவேன். அந்த ஒரு வார்த்தை உன் வாயில் வராதா?

நேற்று இங்கே ஒருவன் என்னை "எறும்புக் கேஸு" என்று கூப்பிட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். சோற்றுத் தட்டாலேயே அவன் வாயைக் கிழித்தேன். எனக்கும் ஒரு பல் போச்சு. தனியாகப் போட்டு அடித்தார்கள், இப்போது உட்கார முடியவில்லை. நின்றுகொண்டேதான் எழுதுகிறேன். எறும்புக்காக வெட்டினேன் என்று கோர்ட்டில் சொல்லிவிடாதே. கொலைகாரன் என்று சொன்னாலும் தாங்கிக்கொள்வேன், சிரித்தால் தாங்க மாட்டேன்.

கூட்டையாவது மாற்று. மரம் உனக்கு என்ன கெடுதல் செய்தது?

வேல்முருகன்


ஆண்டிமடம்
2.4.2024

அண்ணனுக்கு,

கூடு மாற்றினேன். உனக்காக இல்லை. அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். இனி அந்தக் கையால் மருந்துப் பம்பைத் தூக்க முடியாது. பூவெல்லாம் கருக ஆரம்பித்திருந்தது. கொட்டை பொறுக்கினால்தான் இந்த வீட்டில் அடுப்பு எரியும், அதனால் மாற்றினேன்.

கலக்காதே என்று நீ எழுதியிருந்ததை மறக்கவில்லை. உன் மரத்துக் கூடுகள் போதாது என்று ரோட்டோரம் ஆண்டவர் வீட்டுக் கொல்லையிலிருந்தும் இரண்டு வெட்டிக்கொண்டு வந்து கட்டினேன். என்னதான் ஆகிவிடும் என்று நினைத்தேன்.

முதலில் ஒன்றும் இல்லை. கயிற்றின் நடுவில் இரண்டு பக்கத்து எறும்புகளும் சந்தித்து, மீசையால் ஒன்றை ஒன்று தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றன. அப்புறம் ஒன்று இன்னொன்றின் காலைப் பிடித்தது. அவ்வளவுதான். இரண்டு மரத்திலிருந்தும் தண்ணீர் கொட்டுகிற மாதிரி இறங்கிவிட்டன. ஒன்றைப் பத்து பிடித்துக்கொண்டு பத்துப் பக்கமும் இழுத்தன. இடுப்பு அறுந்துபோனது கூட முன்கால்களால் நகர்ந்து வந்து கடித்தது. தலை மட்டும் தனியாகத் தொங்கியது, கடித்த வாய் திறக்கவில்லை. மேலிருந்து கொத்துக் கொத்தாக விழுந்துகொண்டே இருந்தது. உச்சி வெயிலுக்குள் மரத்தடியில் கால் வைக்க இடமில்லை. சின்னக் கறுப்பு எறும்புகள் வரிசையாக வந்து செத்ததையும் சாகாததையும் இழுத்துக்கொண்டு போயின.

நான் பிரித்துவிட முயற்சி செய்யவில்லை. எப்படிப் பிரிப்பது? சாம்பல் பூசின கையோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்குப் போகவும் பிடிக்கவில்லை.

அவர் இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டார், பீடி பற்றவைக்கப் பழகிவிட்டார். என்னை அடிக்கவும் பழகிவிட்டார். முதலில் குறி தப்பியது. இப்போது தப்புவதில்லை.

மலர்க்கொடி


திருச்சி
20.4.2024

மலருக்கு,

நீ செய்தது பெரிய தப்பு. ஒரு கொல்லை முசுறு இன்னொரு கொல்லை முசுறை உயிரோடு விடாது. மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிடும். பயப்படாதே, ஒரு கூட்டம் ஜெயித்திருக்கும். கிளையில் புது இலையை வளைத்துத் தைக்கிறதா என்று பார். தைத்தால் பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம். எறும்புக்கு மீன் தலையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடு. எந்த மரத்தில் ஏறியிருக்கிறது என்று எழுது.

இடது கையாலும் அடிக்கிறானா? நான் வெளியே வருகிற அன்றைக்கு அந்தக் கையையும் எடுத்துவிடுகிறேன்.

வேல்முருகன்


பாடாலூர்
8.12.2024

அண்ணனுக்கு,

விலாசத்தைப் பார்த்திருப்பாய். நானும் சிந்துவும் இங்கே வந்துவிட்டோம். மஞ்சு அக்காவின் சொந்தக்காரர் வெங்காய மண்டியில் வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிந்து எடுக்கிற வேலை. மண்டிக்குப் பின்னாலேயே ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். இத்தனை மாதம் உனக்கு எழுதவில்லை. போன கடிதத்தைப் படித்துவிட்டு எழுதத் தோன்றவில்லை. இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. நடந்ததை முழுக்கச் சொல்லிவிட்டுக் கேட்கிறேன்.

ஆவணி மழையில் கொழுந்து விட்டதும் உன் கொல்லையில் பாதிக்கு மேல் முசுறு ஏறிவிட்டது. ஆண்டவர் வீட்டு ஆட்களே வந்து, "மலரு, ஒரு கூடு வெட்டிக்கவா?" என்று கேட்டார்கள். வெட்டிக்கொள்ளுங்கள் என்றேன். அதை யாரோ டீக்கடையில் சொல்லியிருக்கிறார்கள். "உன் கையையும் வாங்கி, உன் பிழைப்பையும் வாங்கிட்டாங்க அண்ணனும் தங்கச்சியும்" என்று அவர் காதுபடச் சிரித்திருக்கிறார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சிந்துவுக்குக் காலாண்டுப் பரீட்சை, கொல்லைக்குப் புத்தகத்தோடு வந்திருந்தாள். நான் தொரட்டியால் காய்ந்த குச்சி இழுத்துக்கொண்டிருந்தேன். அவர் குடத்தில் மருந்தைக் கலக்கிப் பம்பில் ஊற்றி, இடது கையால் இழுத்துக்கொண்டே வந்தார். சிந்துவுக்கு முன்னால் வைத்தார்.

"தோள்ல மாட்டு. நான் குழாயைப் புடிக்கிறேன். ஒரு கூடு மிச்சம் இருக்கக்கூடாது."

"மாட்ட மாட்டேம்ப்பா" என்றாள். "அம்மா வெச்ச எறும்பு."

"உங்க மாமன் ரத்தம் பேசுதாடி?"

"யாரு ரத்தமும் இல்லப்பா. நான் மாட்டல."

பித்தளைக் குழாயை ஓங்கி அடித்தார். நெற்றியில் விழுந்தது. அவள் பம்பு மேலேயே சரிந்தாள், மூடி கழன்று மருந்து அவள் மடியிலும் காலிலும் கொட்டியது. அவள் கத்தவில்லை. "அம்மா, புக்கு, புக்கு" என்று நனைந்த புத்தகத்தைத் தேடினாள். ரத்தம் கண்ணை மறைத்திருந்தது. அவர் இரண்டாவது தடவை குழாயை ஓங்கினார்.

அவர் தலைக்கு நேர் மேலே ஒரு கூடு இருந்தது. பெரியது, தைத்து முடித்துப் பல மாதமான கூடு. நான் யோசித்துத்தான் செய்தேன். தெரியாமல் பட்டுவிட்டது என்று யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லப் போவதில்லை. தொரட்டியை மாட்டி முழுபலத்தோடு இழுத்தேன். கூடு அவர் தலையில் விழுந்து உடைந்தது.

முகம் தெரியவில்லை, சிவப்பாக ஏதோ நெளிந்தது. கண் இமையில், காதுக்குள், வாய்க்குள். விரல் போன தழும்பில் அப்பிக்கொண்டு கடித்தன. ஒரு கையால் எதைத் தட்டுவார்? தரையில் உருண்டார். "மலரு, தண்ணி ஊத்துடி, மலரு" என்று அலறினார். நான் தொரட்டிக் கத்தியை அவர் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றேன். "எந்திரிச்சு புள்ளகிட்ட வந்தீங்க, இழுத்துருவேன்" என்றேன். என் குரல் மாதிரியே இல்லை.

சிந்துவைப் பம்புசெட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், துணியைக் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். ஜெயங்கொண்டத்தில் நெற்றியில் தையல் போட்டார்கள். வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தாள், இரண்டு நாள் படுக்கையில் வைத்திருந்தார்கள். இப்போது தேறிவிட்டாள். அங்கிருந்து நேராக மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். "எத்தனை வருஷமாம்மா அடிக்கிறாரு?" என்று இன்ஸ்பெக்டர் அம்மா கேட்டார்கள். "இந்தப் புள்ள பொறக்கறதுக்கு முன்னேர்ந்துங்க" என்றேன். எழுதிக்கொண்டார்கள். கூட்டை இழுத்துவிட்டதையும் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார்கள். அவருக்கு ஒரு கண் ரொம்ப நாள் வீங்கியிருந்ததாம், பார்வைக்கு ஒன்றும் இல்லையாம்.

நான் கேட்க வந்தது இதுதான். அவர் உருண்டு அலறினபோது எனக்கு இனித்தது, அண்ணா. சிந்து ரத்தத்தோடு கிடக்கிறாள், அவளைத் தூக்காமல் நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம்தான், ஆனாலும் பார்த்தேன். அன்றிலிருந்து சோறு சரியாக இறங்கவில்லை. அரிவாளை இறக்கினபோது உனக்கும் இப்படித்தான் இருந்ததா? வேறு யாரிடம் இதைக் கேட்பேன்?

தை பிறந்ததும் சாட்சிக்கு வரச் சொல்லி சம்மன் வந்திருக்கிறது. பார்த்ததைச் சொல்வேன். அன்றைக்கு அவர் என்னை அடிக்கவில்லை என்று சொல்வேன். அடித்த நாளையெல்லாம் கேட்டால் அதையும் சொல்வேன். இரண்டும் உண்மைதான், தேதி மாறாது.

மலர்க்கொடி


திருச்சி
18.2.2025

தங்கச்சி மலருக்கு,

நேற்று அஞ்சு வருஷம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். நீ வந்திருக்கவில்லை. வராததும் நல்லதுதான்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதினேன். எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். கிழித்த எல்லாவற்றிலும் அவனை என்ன செய்யப் போகிறேன் என்பதைத்தான் எழுதியிருந்தேன். சிந்து நெற்றியை நினைத்தால் இப்போதும் கை தானாக மூடிக்கொள்கிறது. அதை நீ கேட்கவில்லை என்று ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஆமாம், இனித்தது. முதல் வெட்டில் இனித்தது. விரல் விழுந்த பிறகும் இனித்தது. நாலு பேர் என்னை அமுக்கியிருந்தபோதும் இன்னும் ஒரு வெட்டு கிடைக்காதா என்றுதான் திமிறினேன். நீ சருகைக் கிளறி விரலைத் தேடினாய் பார், அப்போதுதான் நின்றது. உனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதியிருந்தாய். நான் அன்று ராத்திரி ஸ்டேஷனில் கொடுத்த பொட்டலத்தை மிச்சம் வைக்காமல் தின்றேன். நீ என்னைப் போல இல்லை. அதனால் அதை நினைத்து நினைத்துப் பயப்படாதே.

சாட்சிக் கூண்டில் நீ, "அன்னைக்கு அவரு என்னைத் தொடலைங்க" என்று சொன்னபோது, பக்கத்தில் போலீஸ் மட்டும் இல்லாவிட்டால் எட்டி உன் முடியைப் பிடித்திருப்பேன். உண்மையைத்தான் எழுதுகிறேன். அப்புறம் என் வக்கீல் கிருஷ்ணமூர்த்தி எழுந்து உன் இடது பக்கம் வந்து நின்று ஏதோ கேட்டார். நீ நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாய். மறுபடியும் கேட்டார். நீ அசையவில்லை. ஜட்ஜம்மா குரலை உயர்த்தி, "அவர் கேட்குறாரும்மா, பதில் சொல்லு" என்றார். நீ சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கமா வந்து கேளுங்க சார், அந்தக் காது கேக்காது" என்றாய்.

"எப்ப இருந்து?" என்று ஜட்ஜம்மாதான் கேட்டார்.

"சிந்து கைக்குழந்தையா இருக்கையில ஒரு அறை விட்டாருங்க. அதுலேர்ந்து."

கோர்ட்டில் யாருக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. டைப் அடிக்கிற பெண் அடித்துக்கொண்டே இருந்தாள். நான் மட்டும் என் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். வரப்பில் நின்று உன்னை எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன். நீ திரும்பாமல் போய்க்கொண்டே இருப்பாய். திமிர் பிடித்தவள், புருஷன் வீட்டுக் கொழுப்பு என்று ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் கோபத்தில் மண்ணாங்கட்டியை எடுத்து உன் முதுகில் எறிந்தேன். நீ திரும்பி, "என்னண்ணே?" என்று சிரித்தாய். பதினைந்து வருஷம் பக்கத்துக் கொல்லையில் இருந்திருக்கிறேன், மலரு.

வேறு எங்கெல்லாம் அடித்தான், எதெல்லாம் போச்சு என்று எனக்குத் தெரியாது. எழுத முடிந்தால் எழுது. எழுதப் பிடிக்காவிட்டால் நேரில் வா, சிந்துவையும் கூட்டிக்கொண்டு வா. மனுப் போட்டால் பார்க்க விடுவார்கள். நடுவில் கம்பி வலை இருக்கும். இரண்டு பக்கமும் ஜனங்கள் நெருக்கிக்கொண்டு ஒரே நேரத்தில் கத்துவார்கள், நல்ல காது இருக்கிறவர்களுக்கே ஒன்றும் கேட்காது. நீ அவசரப்படாமல் உனக்குத் தோதான இடமாகப் பார்த்து நின்றுகொள். உன் வலது காதுக்கு நேராக நான் வந்து நிற்கிறேன்.

வேலு